தம்பி திருப்பி அனுப்பிய மொய்

என் ராசா பாண்டி,

எங்கடா இருக்க? நீ போன பெறகும் விளாங்குடி வீட்டுல உன் கம்ப்யூட்டரை நான் மூடி வைக்கல. காலையில பார்த்தா உன் பேருக்கு மெயில் வந்து கிடக்கு. "அண்ணே, உங்க தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டர்ல வரமாட்டேங்குது, கொஞ்சம் பாருங்கண்ணே"ன்னு ஒருத்தன் கேக்குறான். செத்தவன்கிட்ட கேக்குறோம்னு அவனுக்குத் தெரியாது.

உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக்கூட நீ செஞ்ச அந்த சாஃப்ட்வேர்லதான்டா அடிச்சாங்க. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு சுவத்துல நீ சிரிக்கிற, கீழ நீயே செஞ்ச எழுத்து. நான் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்.

ஊருக்கெல்லாம் அதைச் சும்மா குடுத்த. பகல் முழுக்க பிரஸ்ஸுல வேலை, மிச்ச நேரமெல்லாம் அதுல வர்ற பழுதைப் பார்க்குறது. புழங்குனவங்க சும்மாவா இருந்தாங்க? "டீச்செலவுக்கு வச்சுக்கங்கண்ணே"ன்னு அம்பது, நூறு மணியார்டர் அனுப்புனாங்க. நீ ஒண்ணையாச்சும் வாங்குனியா? "மொய் வாங்குனா திருப்பிச் செய்யணும்க்கா. முகந்தெரியாத இம்புட்டுப் பேருக்கு நான் எந்தக் கல்யாணத்துல போய்ச் செய்வேன்?"னு போஸ்ட்மேனைத் திருப்பி அனுப்புவ. அட கூறுகெட்டவனே! அது மொய்யாடா? நீ தின்னு தூங்கி உசுரோட இருக்கணும்னு குடுத்ததுடா.

மஞ்சக்காமாலை வந்தப்பகூட கையில காசில்லைன்னு வாயத் திறக்கல. எனக்குத் தெரிஞ்சப்போ முத்திப்போச்சு. ஏன்டா சொல்லல?

கருமாதிக்கு வந்துச்சு பாரு மணியார்டர்! சேதி கேட்டு அனுப்புன அம்புட்டுப் பேரும் நீ காசைத் திருப்புனவங்கதான். துக்கத்துக்கு வர்ற செய்முறையை வேணாங்கக் கூடாதே. அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். இதை அப்பவே வாங்கியிருந்தா நீ இருந்திருப்பியா? யாருகிட்டடா கேப்பேன்?

யாரு வேணும்னாலும் எடுத்துத் திருத்தட்டும்னு உன் புரோகிராமைத் திறந்து போட்டிருந்தியே, இப்ப அழகர்கோவில் பக்கம் செல்வின்னு ஒரு பொண்ணு அதை எடுத்து, வர்ற பழுதைப் பார்க்குது. போன வாரம் அந்தக் கருமாதிக் காசைக் கொண்டுபோய் நீட்டுனேன். "ஐயோ வேணாம்க்கா, ஆசைக்குத்தான் பண்றேன்"னுச்சு. தூங்காத கண்ணு, ஒட்டிப்போன கன்னம். உன்னையே பார்த்த மாதிரி இருந்துச்சுடா.

"வாங்குடி! உன் கருமாதிக்கெல்லாம் என்னால செய்முறை செய்ய முடியாது"ன்னு கத்திட்டேன். மிரண்டுபோய் வாங்கிக்கிச்சு.

இனி வர்ற மணியார்டர் ஒண்ணுகூடத் திரும்பிப் போகாது. நானே கொண்டுபோய் அது கையில வைப்பேன். நீ வந்து கையைப் பிடிச்சாலும் வைப்பேன்.

உன்னைய இடுப்புல தூக்குன அக்கா,
மீனா