தாராளமாக நடத்தவும்

பத்திரகாளியம்மன் துணை

திருத்தங்கல்
25-11-1958

ஏலே தனுஷ்கோடிக்கு,

உன் சிநேகிதன் அய்யாதுரை தன் கையாலேயே எழுதிக்கொண்டது. இங்கே நானும் செல்லக்கனியும் சுகம். உன் சுகத்தை இப்போதைக்கு விசாரிப்பதாக இல்லை. முதலில் உன்னை ஏச வேண்டியிருக்கிறது.

எழுத்தைப் பார்த்து மலைத்துப் போயிருப்பாய். மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. இன்பம் டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார். ஆடியில் சேர்ந்தேன். இப்போது பஸ் பலகை, சினிமா நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள் எதையும் விடுவதில்லை. செல்லக்கனி பருப்பு வாங்கி வந்தால் பொட்டலத்தையும் திருப்பித் திருப்பி வாசிக்கிறேன். "பருப்பக் கொட்டிட்டுப் படிங்க, காயிதம் எங்கயும் ஓடிராது" என்கிறாள். மேலே 'ஏலே' என்று போட்டிருக்கிறேனே, அதை எழுதி முடித்ததும் எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம். நேற்று டீச்சரிடம், மடையன் என்பதற்குக் கடைசியில் ரெண்டு சுழியா மூணு சுழியா என்று கேட்டேன். "யாரை ஏசுறதுக்கு ஐயா?" என்றார். என் உயிர்ச் சிநேகிதனை என்றேன். "அப்ப ரெண்டு சுழி போதும்" என்றார்.

ஆகவே கேள், மடையனே.

நீ அனுப்பிய துரைமார் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து நம் கால்பந்து மைதானத்தில் ரக்பி ஆடிவிட்டுப் போய்விட்டார்கள். மலைத் தோட்டத்துத் துரைமார் ஒரு கட்சி, உன்னிடம் பட்டாசு வாங்குகிற மெட்ராஸ் கம்பெனித் துரைமார் ஒரு கட்சி. இரண்டு பேருக்கும் வந்து போக வசதியாக நடுவில் ரயில் நிற்கும் ஊர் நம்முடையதுதான் என்று இங்கே உன் பட்டாசு ஆபீசைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் சொன்னார். அவர்கள் வந்தது குற்றம் இல்லை. நம் கோல் வலையைக் கழற்றி மூலையில் சுருட்டிப் போட்டார்கள். கம்பங்களின் தலையில் மூங்கிலைக் கட்டி வானத்துக்கு உயர்த்தினார்கள். பந்தைப் பார்த்தால் பனங்காயை இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. ஒரு துரை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினதும் ஜனம் முழுதும் "கை! கை! ஃபவுலு!" என்று கத்தினது. அவர் நிற்கவே இல்லை. பின்னால் நாலு பேர் பாய்ந்து அவரை மண்ணில் அமுக்கினார்கள். "என்னத்தத் திருடுனாரு, இந்த அடி அடிக்கிறாக?" என்று ஒரு கிழவி கேட்டாள். நானும் சிரித்தேன். சிரிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன்.

ஆனால் அந்த முதல் ஞாயிறு காலையில்தான் மழை பெய்திருந்தது. கரிசலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? முப்பது பேர் ஆணி அடித்த பூட்சோடு ஈரக் கரிசலில் முட்டி மோதினால் என்ன ஆகும்? மாடு மிதித்த சேற்றுத் தொழி ஆகும். மூன்றாம் நாள் வெயில் அடித்ததும் அது அத்தனையும் கல்லாகிவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் நம் கோல்கீப்பர் பெத்தணன் பழகுவதற்காக இறங்கினான். கட்டியில் கால் மடங்கி, இப்போது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. அவன் தீப்பெட்டி ஆபீசில் நின்றுகொண்டே வேலை செய்கிறவன்.

வருகிற முப்பதாம் தேதி ஞாயிறு நமக்கும் அச்சங்குளத்துக்கும் கடைசி ஆட்டம். கோப்பைக்கான ஆட்டம். நம் பயல்களுக்குத் தீபாவளிச் சீசன் முடிந்த பிறகு கிடைக்கிற நாலு ஞாயிறுதான் வருஷம் முழுவதற்கும். அதிலே இரண்டைத் துரைமார் தின்றுவிட்டார்கள். இந்த ஞாயிறும் அவர்களுக்குத்தான் என்று உன் மேனேஜர் சொல்லிவிட்டார். நம் பயல்கள் எங்கே ஆடுவது என்று கேட்டதற்கு, "கம்மாய்க்குள்ள ஆடட்டுமே" என்றார். கார்த்திகை மாதம் கண்மாய்க்குள் என்ன இருக்கும் தனுஷ்கோடி? கோல் போடுவார்களா, கெண்டை பிடிப்பார்களா?

நான் மேனேஜரோடு சண்டைக்குப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் போனேன். அவர் கோபப்படவே இல்லை. "நீங்கதான பெரியவரே எழுதிக் குடுத்திருக்கீக" என்று ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். புரட்டாசியில் நான் உனக்கு அனுப்பினது. நீ அதை அவருக்கு அனுப்பியிருக்கிறாய். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துத்தான் நீட்டியிருப்பார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "தங்கள் யோசனை மிகவும் நன்று. தாராளமாக நடத்தவும். நமது பிள்ளைகள் வேறு இடத்தில் விளையாடிக்கொள்வார்கள்."

மைதானத்தைத் துரைமாருக்குக் கொடுக்கலாமா என்று நீ கேட்டு எழுதினாயே, அதை வாசித்துக் காட்டியது சத்தியநாதன் வாத்தியார். பதில் எழுதினதும் அவர்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப நல்லாருக்குலே ஒன் யோசனை! தாராளமா நடத்து! நம்ம பயலுகளுக்கு என்ன, ரோட்டுல கெடந்து வெளையாடிக்கிடுவானுக!" என்று சொன்னேன். சொல்லும்போது கையில் இருந்த வெற்றிலைச் செல்லத்தைத் தரையில் போட்டு உடைத்தேன். வாத்தியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நீரு சொன்னதுல ஒரு சொல்லு கொறைச்சனா? கொச்சையை மட்டும் நீக்குனேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் நிஜம். சொல் எல்லாம் இருக்கிறது. நான் பல்லைக் கடித்த சத்தம் மட்டும் தாளில் ஏறவில்லை.

அவர்மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதி முழுதும் உன்மேல். பட்டா உன் பேரில் இருந்தாலும், நீயும் நானும் சேர்ந்து அந்த மைதானத்தில் கருவேல முள்ளை வெட்டினவர்கள். நான் பின்னால் நிற்பேன், நீ முன்னால் ஓடுவாய். நீ பந்தைக் கோட்டை விட்டால் "நல்லா ஆடுதலே, நல்லா ஆடு!" என்று கத்துவேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு உனக்குத் தெரிந்தது. இன்றைக்கு "தாராளமாக நடத்தவும்" என்று அய்யாதுரை சொன்னான் என்றால், அவன் கொதித்துப் போய் இருக்கிறான் என்று உனக்கு ஏன் தெரியவில்லை? மெட்ராசில் பத்து வருஷம் பட்டாசு விற்றால் காது இவ்வளவுக்கா மந்தமாகும்?

இன்னொன்று. வாத்தியார் என் பேரில் உனக்கு எழுதின கடிதம் எல்லாவற்றிலும் 'தாங்கள்' என்றுதான் போட்டிருக்கிறாராம். அன்றுதான் சொன்னார். எனக்கு அது தெரியாது. நீ திருப்பி எழுதுவதிலும் 'தாங்கள் நலமா' என்று வரும். அவர் வாசிக்கும்போது எனக்கு வயிறு எரியும். காசு வந்ததும் பயலுக்கு நாக்கு மாறிவிட்டது என்று செல்லக்கனியிடம் சொல்வேன். "நீங்க என்ன எழுதச் சொன்னீகளோ" என்பாள். ஊருக்கு வா என்று நான் ஒவ்வொரு தடவையும் சொன்னதை அவர் எப்படி எழுதினார் என்று கேட்டேன். 'சந்தர்ப்பம் கிடைக்கும்போது விஜயம் செய்யவும்' என்று எழுதினாராம். அப்படி எழுதினால் எவன் வருவான்? கலெக்டர்கூட வர மாட்டார்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். பெத்தணன் காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, எப்படியும் ஆடுவேன் என்கிறான். மற்றப் பயல்கள் மண்வெட்டி கொண்டு வந்து கட்டியை உடைத்துச் சமன் பண்ணுகிறார்கள். மேனேஜர் வந்து விரட்டுகிறார். அவர்கள் மறுபடி வருகிறார்கள். அச்சங்குளத்துக்காரர்களும் கண்மாய்க்கு வர மாட்டோம், மைதானத்துக்குத்தான் வருவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் மேனேஜருக்குத் தந்தி கொடு. ஞாயிறு நம் பயல்களுக்கு என்று மட்டும் இருந்தால் போதும். துரைமாருக்கு நீ என்ன சமாதானம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். உன் ஆர்டர் போய்விடும் என்று பயந்தால், அந்தப் பயத்தை எனக்கு எழுதாதே.

தந்தி வராவிட்டால் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் மைதானத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிடுவேன். செல்லக்கனி குடை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். துரைமார் எதையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், என்னையும் தூக்கிப் பார்க்கட்டும். போலீசு வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். என்னை அங்கேயிருந்து எழுப்ப வேண்டும் என்றால் சனிக்கிழமை ராத்திரி மெட்ராசில் ரயில் ஏறி நீதான் வரவேண்டும். வந்து கையைக் கொடு, எழுந்திருக்கிறேன். எனக்கு இப்போது முழங்கால் முன்னே மாதிரி இல்லை.

ஏசி முடித்துவிட்டேன். இப்போது கேட்கிறேன், நீ சுகமா? சர்க்கரை வியாதி என்று எழுதியிருந்தாயே, மருந்து சாப்பிடுகிறாயா? அம்மன் உன்னை நூறு வயசு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் ஆறாத
அய்யாதுரை