பட்டியலில் இல்லாத தெரு

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் அண்ணியும் நலம். வண்டிக்குத்தான் பசி. அதற்கு ஊட்டுவதற்காக, ஊருக்கு வெளியே சரக்குக் கிடங்குகளுக்கு நடுவில் இருக்கும் சார்ஜிங் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் நான்கு கார்கள். மதிய வெயிலில் வேறு வேலை இல்லை, அதனால்தான் கடிதம். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேண்ணா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

ஆமாம், வாங்கிவிட்டேன். பழைய டீசல் டாக்ஸியைக் கொடுத்துவிட்டு மின்சார கார். திட்டாதே. "பொறுங்க, அவசரப்படாதீங்க" என்று நீ சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அரசாங்கம் மானியம் தருகிறது, தெருத்தெருவாகச் சார்ஜிங் நிலையம் வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். அந்தத் திட்டத்தைப் பார்க்கிறவளே என் கூடப்பிறந்தவள். இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும்? அண்ணிதான் முணுமுணுக்கிறாள். "மூணாவது மாடியில குடியிருந்துக்கிட்டு இதை எங்கே சொருகப் போறீங்க, என் தலையிலயா?" என்கிறாள்.

என் முறை வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். புது வண்டியில் நீங்கள் விறைப்பாக உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. போகட்டும், நன்றாக ஓடட்டும்.

இங்கே தினமும் ரகளை. கார் வாங்க வசதி உள்ளவனுக்கு எதற்கு மானியம், அந்தப் பணத்தில் பஸ் விடலாமே என்று நிதிப் பிரிவில் கேட்கிறார்கள். முதலில் நாலு பேர் தள்ளிவிட்டால்தான் வண்டி ஓடும் என்கிறார் எங்கள் மேலதிகாரி. இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. கார் மானியம் எப்படியோ போகட்டும், நிலையங்களாவது வர வேண்டும் என்பது என் கட்சி. சொந்த வீடு உள்ளவர் வாசலிலேயே சொருகிக்கொள்வார். தெருவில் நிறுத்துகிற டாக்ஸிக்காரர் எங்கே போவார்?

இருபது தெருக்களை அளந்து, வாடகை வண்டிகளை எண்ணி, மதிப்பெண் போட்டிருக்கிறோம். முதல் ஐந்துக்கு நிலையம். சொல்லக் கூடாது, மனசு கேட்காமல் சொல்கிறேன்: உங்கள் தெரு மூன்றாவதாக இருக்கிறது. நான் ஒரு புள்ளிகூடக் கூட்டிப் போடவில்லை, சத்தியமாக. இது நமக்குள் இருக்கட்டும். அண்ணியிடம்கூட வேண்டாம்.

அன்புத் தங்கை


ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

பட்டியல் பேப்பரில் வந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இரண்டு முறை படித்தேன். எங்கள் தெரு இல்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று அண்ணியிடம் சொன்னேன். அவள் பேப்பரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ சொன்னதை நான் வாயில் போட்டுப் பூட்டவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன், டாக்ஸி ஸ்டாண்டில் இரண்டு பேரிடம் சொன்னேன். "என் தங்கச்சி பார்த்துக்குவா" என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பெருமையில் வந்த வாய்தானே. அதை நம்பித் தையல்காரர் மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் "எப்போ வருதாம்?" என்கிறார்.

ஜன்னல் வழியாக வயர் இறக்கிப் பார்த்தேன். இரண்டாவது மாடிக்காரர் தன் கொடித்துணியில் உரசுகிறது என்று கத்தினார். வீட்டுக்காரர் வந்து வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டார். கிடங்குப் பக்கம் போய்வருவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. சார்ஜ் பத்தாமல் மூன்று முறை தூரச் சவாரியை மறுத்ததில், டாக்ஸி ஆபீஸில் எனக்குச் சவாரி கொடுப்பதையே குறைத்துவிட்டார்கள்.

நேற்று ஏறிய ஒரு டீச்சரம்மா, "எங்க பக்கம் பஸ்ஸை நிறுத்திட்டாங்க. என் வரியில உங்களுக்குக் காரா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

சலுகை கேட்கவில்லை, தங்கச்சி. மூன்றாவதாக இருந்த தெரு எங்கே போயிற்று என்று மட்டும் சொல்.

உன் அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் தெருவைப் பட்டியலிலிருந்து அடித்தது நான்தான்.

கடைசிக் கூட்டத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைக்காரர் உங்கள் ஊருக்கு அளவுகளை மறுபடி சரிபார்க்கப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். "ஏம்மா, மூணாவதா இருக்கறது உங்க அண்ணன் தெருவாமே? ஸ்டாண்டு பூரா அதே பேச்சு" என்றார். சும்மா கிண்டல்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு என் மேசைக்குப் போய்விட்டேன்.

மேலதிகாரியிடம் போய், "இது என் அண்ணன் தெரு, இதை மட்டும் நீங்க பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் போதும். தோன்றவில்லையே! பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்தேன். பெரிய நேர்மைக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

திரும்பச் சேர்க்க வழி பார்த்தேன். சேர்த்தால், ஏன் அடித்தாய் என்பார்கள். கோப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அடுத்த சுற்று அடுத்த வருடம்தான். அதற்கும் தெருவிலிருந்து யாராவது மனு போட வேண்டும். என் உறவுக்காரர் மனு என்றால் நான் தொடக்கூடாது, மனு பார்க்க என் பிரிவில் வேறு ஆளும் இல்லை; மேலதிகாரியிடம் கொடுத்தால் நான் அடித்த கோடும் வெளியே வரும். அப்படியே கிடக்கும்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். திட்டியாவது நாலு வரி எழுதுங்கள் அண்ணா.

தங்கை


ஜூன் 2

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
பொதுச் சார்ஜிங் நிலையங்கள் பிரிவு.

பொருள்: எங்கள் தெருவில் சார்ஜிங் நிலையம் அமைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

நான் மேற்படித் தெருவில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். மின்சார டாக்ஸி வைத்திருந்தேன். போன மாதம் விற்றுவிட்டேன். இப்போது ஒரு பர்னிச்சர் கடைக்கு டீசல் வேன் ஓட்டுகிறேன். ஆகையால் நிலையம் வந்தாலும் அதில் சொருக என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் என் பேச்சைக் கேட்டு வண்டி வாங்கியவர்கள் தெருவில் இருக்கிறார்கள். தையல்காரர் இப்போது எதுவும் கேட்பதில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே பரவாயில்லை. அவருடைய கையெழுத்தும் மற்ற பதினோரு பேர் கையெழுத்தும் இணைக்கப்பட்டுள்ளன.

தாங்கள் தவறு செய்ததாக நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். வாயைத் திறந்து கெடுத்தவன் நான். கோபம் இல்லை என்று எழுதலாம். மனுவில் பொய் எழுதக் கூடாது என்பதால் எழுதவில்லை.

தங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் எவருக்கும் நான் உறவினன் அல்ல என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். இனி யார் கேட்டாலும் இதையே சொல்வேன். எனவே எங்கள் தெருவுக்கு உரிய மதிப்பெண்ணைப் பார்த்து, உரிய இடத்தில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேன் ஓட்டுநர்,
மூன்றாவது மாடி