ஷாஜின் அனுப்பிய கேசட்

துபாய், 12.8.2001

அன்புள்ள பெர்சிஸ்,

கர்த்தர் கிருபையால் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

நம் ஷாஜின் தானே எழுதிப் பாடிய ராப் கேசட் வந்தது. அறையில் கூட இருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னாய்யா, உன் புள்ள பாடுறானா, ஏலம் உடுறானா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஃபோனில் அவனிடமும் அதையே சொன்னேன். சட்டென்று ஃபோனை வைத்துவிட்டான்.

நேற்று, புதிதாக வந்த வெல்டர் கோபிநாத் அதைக் கேட்டான். வயது இருபத்திரண்டு. "அண்ணே, உங்களப் பத்திதான் பாடுறான். நீங்க இல்லாம ஆம்பூர்ல கழிஞ்ச ஒம்போது கிறிஸ்துமஸையும் ஒண்ணொண்ணா சொல்றான்" என்றான். வெட்கத்தில் நான் தலை நிமிரவில்லை.

எத்தனை முறை போட்டும் அந்த வேகத்தில் வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை. வழக்கமாக அனுப்பும் ஊறுகாய் இந்த முறை வேண்டாம். சிரித்தது தப்பு என்று அப்பா எழுதியிருப்பதாகச் சொல்லி, பாட்டை அவன் கையாலேயே எழுதச் சொல்லி வாங்கி அனுப்பு. கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன்
சுந்தர்ராஜ்