பச்சோந்திக்கு வளர்த்த ரவைப்புழு

1961 அக்டோபர் 24, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குற்றாலம் மலை கண்ணில் படவேயில்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டுகள் திருத்தி முடித்தாயிற்று.

பச்சோந்தி வந்து இன்றோடு பத்து நாள். சுந்தரபாண்டியபுரம் சாலையில் யாரோ கல்லால் அடித்துப் போட்டிருந்ததை என் வகுப்புப் பெண்கள் துணிப்பையில் கொண்டுவந்தார்கள். பின்னங்கால் காயம் ஆறிவருகிறது. பெண். வயிறு கனத்திருக்கிறது. வலையடித்த பால் அலமாரிதான் வீடு.

மழையில் வெட்டுக்கிளி பிடிக்க முடிவதில்லை. அதனால் பிஸ்கட் டின்னில் புழு வளர்ப்பு. மளிகைக்கடை பாய் விற்காமல் ஒதுக்கிய பழைய ரவைதான் புழுவுக்குத் தீனி. மறக்காமலிருக்க:

மக்கல் வாடை அடித்தால் வேண்டாம்.
பூஞ்சை கண்டால் மொத்தமும் குப்பைக்கு.
வெயில் வந்தால் ரவையைக் காயவைக்க.
ஈரத்துக்குக் கேரட் துண்டு, தினமும் மாற்ற.

வீட்டுக்காரர் தபால் ஆபீசிலிருந்து வந்து டின்னைத் திறந்து பார்த்தார். "ஏட்டி, எது சமையலுக்கு, எது புழுவுக்குன்னு எழுதி ஒட்டு. எனக்கு உசுரு மேல ஆசை இருக்கு." எழுதி ஒட்டினேன்.

அக்டோபர் 26, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். தலைவலி.

முதல் டின் ரவை தீரப்போகிறது. பள்ளி விட்டதும் பாய் கடை. போன மூட்டை காலி, குடோனில் இன்னொன்று கிடக்கிறது என்று அள்ளிவந்தார். முகர்ந்து பார்த்தேன். "வாடையே இல்ல பாய். நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்படியா சொல்லுதிய?" என்று அவரும் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

புது ரவையை இரண்டாவது டின்னில் கொட்டி, இருபது புழுக்களை மாற்றிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சோந்திக்கு நான்கு. நாக்கு போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

ஆறு மணிக்கு இரண்டாவது டின்னைத் திறந்தால் அத்தனை புழுவும் சுருண்டு செத்துக் கிடந்தன. முதல் டின்னில் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. ரவையை வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பொடி. நேற்றுப் பச்சோந்திக்குக் கொடுத்த நான்கும் எந்த டின்னிலிருந்து எடுத்தவை? நினைவில்லை.

செத்தவற்றைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு பாய் வீட்டுக்கு ஓடினேன். அவருக்கு முகம் செத்துவிட்டது.

"எலிக்கும் பூச்சிக்கும் குடோன்ல மருந்து தூவினோம். மூட்ட வாய் தெறந்து கெடந்திருக்கும்."

"வேற யாருக்காவது குடுத்தியளா?"

"குத்தாலத்துல உப்புமா போடுற செல்லம்மாளுக்கு. நேத்து நீங்க போன பொறவு சலிச்சு அனுப்புனேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்கதான நல்லாயிருக்குன்னிய" என்றார். குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அது என்மேல் வந்து விழுந்தது.

பஸ் இல்லை. குதிரைவண்டி. வழியெல்லாம் பாய் வண்டிக்காரரை விரட்டிக்கொண்டே வந்தார்.

அருவிக்குப் போகும் பாதையில் செல்லம்மாள் கடை. குளித்துவிட்டு வந்த எட்டுப் பேர் இலைக்குக் காத்திருந்தார்கள். அன்றைய முதல் உலை கொதிக்கிறது. வறுத்த ரவை தட்டில்.

"போடாதிய!" என்று கத்தினேன்.

செல்லம்மாளுக்குக் கோபம். "நல்ல ரவையக் கொட்டச் சொல்லுதியளே, இங்கன பசியோட உக்காந்திருக்கவங்களுக்கு நீங்களா பதில் சொல்லுவிய?"

தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். "நேத்து சாயங்காலம் உசுரோட இந்த ரவையில விட்டது."

பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு பாயை. "சலிச்சதுன்னுதான சொல்லி அனுப்புனீரு?"

பாய் தட்டையும் மீதிப் பையையும் வாங்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார். பக்கத்துக் கடையில் புது ரவை வாங்கி அவள் முன் வைத்தார். "மூட்டையையும் பொதைச்சிருதேன், டீச்சரம்மா" என்றார். சரி என்றேன். நான் முகர்ந்து பார்த்துச் சான்று சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வது?

பள்ளிக்குப் பாதி நாள் லீவு.

அக்டோபர் 28, சனி

பச்சோந்தி தின்னவில்லை. நிறம் கறுத்துவிட்டது. கண் மட்டும் சுற்றுகிறது.

அவர் பேனா மை ஊற்றும் குழாயைக் கழுவி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். மூன்று சொட்டு உள்ளே போனது.

அக்டோபர் 29, ஞாயிறு

நல்ல மழை. இன்றும் தின்னவில்லை. அலமாரி முழுக்க அலைகிறது, தரைப்பலகையைப் பிறாண்டுகிறது. விஷம் ஏறினால் இப்படித்தான் செய்யுமா? என்னிடம் இருக்கும் புத்தகத்தில் பச்சோந்திக்கு அரைப் பக்கம்தான். அதிலும் பாதி நிறத்தைப் பற்றி.

மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அவர் தட்டை மூடிவைத்தார்.

அக்டோபர் 30, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தால் அலமாரி காலி. கதவு திறந்து கிடக்கிறது. குனிந்து அலமாரிக்கு அடியில் தேடினேன்.

கொல்லைப்புறத்திலிருந்து அவர் குரல்: "சத்தம் போடாம வா. இங்கன பாரு."

வாழைக்கடியில் குடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார். பலகையைப் பிறாண்டுவதைப் பார்த்து, மண் வேண்டுமோ என்று எடுத்துவந்து விட்டாராம். ஈரமண்ணில் பாதி உடம்பு புதைந்து, தோண்டிக்கொண்டிருந்தது. விஷம் இல்லை. முட்டையிடும் நேரம்.

அக்டோபர் 31, செவ்வாய்

இருபத்திரண்டு முட்டைகள். அவர் எண்ணியது. கடைசி முட்டைக்குப் பிறகு காயக்காலையும் இழுத்துப்போட்டு குழியைத் தானே மூடியது. வயிறு ஒட்டி, எலும்பும் தோலும். கையில் எடுத்தால் கனமே இல்லை. இரவு தாங்குமா என்று பயம்.

முதல் டின் புழுவை நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸ் சட்டையோடு மழையில் இறங்கிய அவர், எதிர்த் தோட்டத்திலிருந்து ஒரு வெட்டுக்கிளியோடு வந்தார். முழங்கால் வரை சேறு. ஒரு கண் அதன் பக்கம் திரும்பியது. பிறகு இன்னொரு கண்ணும்.

தின்றுவிட்டது.

"இன்னொண்ணு பிடிச்சிட்டு வாரேன்" என்று மறுபடி இறங்கிவிட்டார்.