மிளகாய்ப் புகைக்கு என் பதில்

அண்ணா,

இன்று காலை பக்கத்து வீட்டில் யாருக்கோ மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய். செத்து மூன்று மாதமாகியும் என்னை விடமாட்டேன் என்கிறாய். நானும் உன்னை விடுவதாக இல்லை.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, என் கூட்டாளி என் கண்ணெதிரே மூழ்கிப் போன பிறகு, தண்ணீரைப் பார்த்தாலே திரும்பி ஓடிவந்தேன். உன் கணக்கில் எல்லாக் கெடுதலும் வெளியிலிருந்துதான் வரும். அதனால் வைத்தியமும் விரட்டுவதுதான். வலைக்கயிற்றால் என்னைத் தூணில் கட்டி, மூஞ்சிக்கு நேரே மிளகாய்ப் புகை போட வைத்தாய். ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு எடுக்கும் பாடு முறையில், என் முறையையும் ஊர்க்கூட்டத்தில் கேட்டு நீயே வாங்கிக்கொண்டாய். "பேய் புடிச்சவன் வலைய தொட்டா ஏரியே தீட்டு" என்றாய். புகையைக்கூட மன்னித்துவிடலாம். இதை மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் அம்மாவிடம் நான் போனபோது சிரித்தாய். "பேசினா பேய் பூடுமா? இன்னாடா கதை இது?"

நான் அங்கே அதிகம் பேசவே இல்லை. கையால் செய்து பார்த்தால்தான் நான் எதையும் நம்புவேன். அந்த அம்மாவுக்கு அது புரிந்தது. இந்த வாரம் கணுக்கால் வரை, அடுத்த வாரம் முழங்கால் வரை என்று வேலை கொடுத்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நான் நின்ற அன்று கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். அடுத்த குலுக்கலில் என் முறை எனக்கே வந்தது. வந்தும் மனசு ஆறவில்லை. உன்னை நிற்க வைத்துக் கேட்பதற்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் அண்ணி வந்தார். தூக்கமே இல்லையாம்.

"தம்பி, உங்க அண்ணன்தான் என்மேல வந்து குந்திக்கினாருனு ஊர்ல சொல்றாங்க. அந்த அம்மாகிட்ட இட்டுக்கினு போறியா?"

"போலாம் அண்ணி. உங்களுக்கும் எதனா வேலை குடுப்பாங்க."

"வேலை வேணாம்பா. கட்டிக்கினு வந்ததுலேர்ந்து வேலைதான் செய்றேன். அவுரு இருந்தவரைக்கும் என்னைப் பேச வுடல. நடுவுல பேசாம யாராச்சும் கேட்டா போதும்."

நேற்று கூட்டிப் போனேன். அந்த அம்மா அண்ணிக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார், அவ்வளவுதான். நான் வெளியே பெஞ்சில், மணிக்கட்டில் உன் கயிறு போட்ட தழும்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் உன் பேர் மட்டும் அடிக்கடி கேட்டது. எனக்கு வயிறு நிறைந்தது. உள்ளே போய் அதட்ட நீ இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னும் பாதிகூட சொல்லல தம்பி" என்றார்.

அடுத்த வியாழக்கிழமைக்கும் நேரம் வாங்கிவிட்டேன், அண்ணா. நானே கூட்டிப் போவேன்.