முன்சக்கரங்களின் பிடி

செட்டிபாளையம்
2 ஏப்ரல் 2025

சுபாகரன்,

தொலைபேசி வேண்டாம் என்று சொன்னவள் நான். ஆகவே இந்த மின்னஞ்சலையும் நானே தொடங்க வேண்டியிருக்கிறது. பேசினால் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். எழுதினால் இருவரும் கடைசி வரி வரை வாசித்தாக வேண்டும்.

மெல்பேர்னிலிருந்து கம்சாயினியின் பெயருக்கு இரண்டு பெட்டிகள் வந்திருக்கின்றன. ஒன்றில் காரின் அதிர்வு தாங்கும் ஷொக்குகள், மற்றதில் ஸ்பிரிங்குகளும் ரப்பர் புஷ்களும். "அப்பா அனுப்பினவர்" என்று மட்டும் சொன்னாள். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நீங்கள் ஆறு வருடங்களுக்கு முன் கொட்டிலுக்குள் விட்டுப்போன அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அவள் ஓடவைத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் வேலை பழகட்டும், நல்லதுதான் என்று இருந்தேன். இப்போது ஓகஸ்டில் மலைநாட்டில் நடக்கும் கார் மலையேற்றப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். "ஒவ்வொரு காரா விடுவாங்க அம்மா, பக்கத்தில வேற கார் வராது" என்கிறாள். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் என்ன என்று அவள் சொல்லவில்லை.

காலையில் மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரை வீதிகளில் ஓடிப் பழகுகிறாள். அவள் வந்து சேரும்வரை நான் கேற்றடியில் நிற்கிறேன். விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டுகிற மாதிரி நிற்கிறேன். அவளுக்கு வயது இருபத்துமூன்று. காருக்கு அதைவிட அதிகம்.

அந்தப் பொருட்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

மங்கையற்கரசி


மெல்பேர்ன்
5 ஏப்ரல் 2025

அன்பின் மங்கை,

உம்முடைய பெயரைப் பார்த்ததும் திறக்கப் பயந்து, வேலைக்குப் போய் வந்த பிறகே வாசித்தேன். இங்கே குளிர் தொடங்குகிறது. பஸ் பட்டறையில் வழக்கம்போலத்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது; அதைத் தவிரப் புதினம் ஒன்றும் இல்லை.

நீர் என்னைத் திட்டலாம். ஆனால் யோசித்துப் பாரும். அந்தக் காரின் புஷ்கள் எல்லாம் தூளாகிப் போயிருக்கும். ஷொக்கில் எண்ணெய் ஒழுகுகிறது என்று படம் அனுப்பினாள். அப்படிப்பட்ட காரில் அவள் மலை ஏறுவதை நினைத்துத்தான் அனுப்பினேன். மறித்தால் ஒளித்துப் போவாள். உம்முடைய மகள்தானே.

நான் அவளுக்குத் தைரியம் கொடுக்கிறேன் என்று நினைக்கிறீர். எனக்கும் பயம்தான். என் பயத்தைப் பெட்டியில் கட்டி அனுப்பினேன், வேறு வழி தெரியவில்லை.

ஹலீமின் கராஜில் பூட்டும்போது நீர் பக்கத்தில் நில்லும். பேராதனைப் பொறியியல் பீடத்தில் எங்கள் பட்ச்சில் அதிர்வுப் பாடத்தில் முதலாவதாக வந்தது நான் இல்லையே. ஷொக்கின் தலையில் இறுக்கிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. நாலையும் நடுவில் வைத்தால் போதும்.

சாப்பிடுகிறீரா ஒழுங்காக?

அன்புடன்
சுபாகரன்


செட்டிபாளையம்
4 மே 2025

சுபாகரன்,

பூட்டியாயிற்று. நேற்று முழுநாளும் காத்தான்குடியில் ஹலீமின் கராஜில் இருந்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் இத்தனை வருடம் படிப்பிக்கிறேன், இப்படிப் பக்கத்தில் நின்று நகம் கடித்தது இல்லை.

புஷ்கள் நீங்கள் சொன்னதைவிட மோசம். விரலால் தொட்டதும் உதிர்ந்தன. ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிய பிறகு நான் மறுபடி இறுக்கிப் பார்த்தேன். ஹலீம் சிரித்தார். "மிஸ், நீங்க இறுக்கிற இறுக்குக்கு இனி ஒருத்தராலயும் கழட்டேலாது."

காருக்கு அடியில் கிடந்த உங்கள் மகள் சொன்னாள்: "அம்மாக்கு ஸ்பிரிங்கில நம்பிக்கை இரிக்கி ஹலீம் காக்கா. என்னிலதான் இல்ல."

"அதக் கழட்டிப் பாக்க என்னட்டச் சாவி இல்ல மகள்" என்றார் ஹலீம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மாலையில் அவளோடு ஏறி ஓடிப் பார்த்தேன். சுபாகரன், கார் நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை. பழைய ஸ்பிரிங்கோடு அது வளைவில் ஒரு பக்கம் சரியும், முனகும், பின்பக்கம் ஆடும். வழுக்குவதற்கு முன்னே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். அவளும் காலை எடுப்பாள். இப்போது தட்டையாக, ஒரு சொல்லும் சொல்லாமல் போகிறது. பிடி விடுகிற இடம் எங்கோ இருக்கிறது, ஆனால் கார் அதை முன்கூட்டிச் சொல்லாது. வீட்டுக்கு வந்ததும், "ரெயில் மாதிரிப் போகுதம்மா" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன். முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கி, கார் திரும்பச் சோம்பல்படும்படி வைத்தால் என்ன? பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும். முன்பக்கம் வழுக்கினால் அகலமாகப் போகும், காலை எடுத்தால் திரும்பிவிடும். அவளுக்குத் தெரிந்தால் விடமாட்டாள், கார் மந்தம் என்பாள். உங்கள் அபிப்பிராயம் என்ன? வேறு ஏதும் அனுப்பும் எண்ணம் உண்டா? இருந்தால் எனக்கு முதலில் எழுதுங்கள்.

மங்கையற்கரசி


மெல்பேர்ன்
8 மே 2025

அன்பின் மங்கை,

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஹலீமின் பகிடியை வாசித்துத் தனியே சிரித்தேன்.

நடுவில் வைத்ததை அப்படியே விடும். ஒன்றையும் தொட வேண்டாம். வேறு எதுவும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன்.

நீர் அவளோடு ஏறி ஓடினீர் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

அன்புடன்
சுபாகரன்


செட்டிபாளையம்
17 யூன் 2025

சுபாகரன்,

முதலில் இது: உயிரோடு இருக்கிறாள். நேற்று முன்தினம் உங்களிடம் தொலைபேசியில் ஹலீம் சொன்னது அவ்வளவும் உண்மை. இடது தோள் எலும்பு உடைந்திருக்கிறது. தலையில் அடியில்லை. நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

படுவான்கரையில் வாவியோரமாக வீதி இடப்பக்கம் திரும்பும் இடம். கார் திரும்பாமல் நேரே போய்க் கண்ணா மரப் பற்றைக்குள் புகுந்து தண்ணீரில் நின்றிருக்கிறது. தண்ணீர் ஸ்டியரிங் வரை. வீச்சுவலையோடு நின்ற ஒருவர் நீந்திப் போய் இருக்கைப் பட்டியை அறுத்து இழுத்திருக்கிறார். அவர் அன்று அங்கே நிற்காதிருந்தால் என்ற நினைப்பு, சமைக்கும்போது, பல் துலக்கும்போது எல்லாம் வருகிறது.

எருமை குறுக்கே வந்திருக்கும் என்றார்கள். பெட்டைப்பிள்ளைக்கு எதற்கு இந்த ஓட்டம் என்றார்கள். அவள் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நான் முழுக்கத் திருப்பினனான் அம்மா. கார் கேக்கல்ல."

நான் யார் சொன்னதையும் நம்பாமல் போய்ப் பார்த்தேன். தாரில் முன்சக்கரங்களின் கறுப்புத் தடம் அகலமாகக் கிடக்கிறது. சக்கரங்கள் திரும்பி இருந்திருக்கின்றன. தடம் மட்டும் நேரே தண்ணீருக்குப் போகிறது. தார் அங்கங்கே உடைந்து மேடு பள்ளமாக இருக்கும் இடம். ஒவ்வொரு மேட்டிலும் தடம் அறுந்து அறுந்து இருக்கிறது. முன்சக்கரங்கள் நிலத்தைத் தொடாமல் துள்ளியிருக்கின்றன. மெதுவாகப் போயிருந்தாலும் கார் அங்கே திரும்பியிராது.

காரைக் கரையேற்றிக் கராஜில் தூக்கியபோது அடியில் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பி, பழையதைவிடத் தடிப்பாக, புதிய பூச்சோடு இருந்தது. ஹலீமைப் பார்த்தேன். அவர் டயரில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "சேர் அனுப்பினாரு மிஸ். ரெண்டு பேருக்கும் சொல்லவாணாமெண்டு சொன்னாரு. முன்பக்கம் கொஞ்சம் மந்தமா இருந்தா புள்ளைக்கு நல்லதுதானே எண்டு, போன கிழமை எண்ணெய் மாத்த வந்த நேரம் மாட்டினன்."

எப்போது வந்தது என்று கேட்டேன். மே முதல் கிழமை. நீங்கள் வேறு எதுவும் அனுப்பவில்லை என்று எனக்கு எழுதிய அதே கிழமை.

இனி நான் செய்தது. உங்கள் பதில் வந்த மறுநாள், அவள் குளிக்கப் போயிருந்த நேரம், காரின் பொனற்றைத் திறந்து முன் ஷொக் இரண்டின் திருகையும் கடைசிவரை இறுக்கினேன். தொட வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான். உங்கள் கம்பி மட்டும் இருந்திருந்தால் அகலமாகப் போய்ப் புல்லில் நின்றிருப்பாள். என் திருகு மட்டும் என்றாலும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, மற்றவரிடம் ஒளித்து, அவளுடைய முன்சக்கரங்களின் பிடியைப் பறித்துவிட்டோம்.

இன்னும் ஒன்று. அவளுக்கு இது தெரியாது. தன் கைதான் பிழை என்று நினைக்கிறாள். காரை விற்றுவிடும்படி நேற்றிரவு சொன்னாள். இனி ஓடமாட்டாளாம். நான் ஏப்ரலில் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மங்கையற்கரசி


மெல்பேர்ன்
18 யூன் 2025

மங்கை,

என்ன எழுதுவது. அந்தக் கம்பியைப் பெட்டியில் வைத்தபோது உமக்கு எழுதத்தான் நினைத்தேன். நீர் வேண்டாம் என்பீர் என்று பயந்தேன். நீரும் அதையே கேட்டு எழுதியிருந்ததைப் பார்த்த பிறகாவது சொல்லியிருக்கலாம். பதிலில் பொய்யைத்தான் எழுதினேன்.

ஒரு மன்றாட்டம். அவளிடம் சொல்லவேண்டாம். என்னைக் காப்பாற்ற அல்ல. எனக்கு எந்தப் பெயரும் வரட்டும். அவள் ஓடமாட்டேன் என்கிறாள், மங்கை. அது போதாதா? சொன்னால் மறுபடி ஏறுவாள். அடுத்த தடவை அங்கே வலையோடு ஒருவர் நிற்கமாட்டார். காரை விற்றுவிடும். உடைத்து இரும்புக்குக் கொடுத்தாலும் சரி. பிள்ளை தன்னை மோசமான சாரதி என்று நினைத்துக்கொண்டு நூறு வயது வரை இருக்கட்டும்.

நீரும் இதையே விரும்புகிறீர் என்று எனக்குத் தெரியும்.

சுபாகரன்


செட்டிபாளையம்
7 செப்டெம்பர் 2025

சுபாகரன்,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தினால் அல்ல. நீங்கள் எழுதியபடிதான் செய்துகொண்டிருந்தேன். யூன் முழுதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போக பஸ் ஏறினாள். மோட்டார்சைக்கிள் சாவியைக்கூடத் தொடவில்லை. ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில், முச்சக்கரவண்டி வளைவில் திரும்பியபோது, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேகமா போறாரு" என்றாள். அவர் வேகமாகப் போகவில்லை. சுபாகரன், நான் பயந்தவள்தான். ஆனால் என்னுடைய பயத்தை அவளுடைய முகத்தில் பார்க்க என்னால் முடியவில்லை.

அன்று சந்தைப் பையை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, திருகு, கடிதங்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றவும் இல்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்: "கார் கேக்கல்ல எண்டு நான் ஆஸ்பத்திரியில உங்களுக்குச் சொன்னனே. அப்பவே உங்களுக்கு விளங்கிட்டா?"

"அப்ப இல்ல. ரெண்டு நாளால விளங்கிச்சு."

"பிறகு நான் அழுதுகொண்டு கிடக்கக்குள்ள?"

"ஓம். அப்ப தெரியும்."

"அப்பாக்கும்?"

"ஓம்."

அதன் பிறகு இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கறிச்சட்டியின் மூடியை மட்டும் பலமாக வைத்தாள். உங்களுக்கும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுதமாட்டாள், சில காலம். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தோள் பொருந்தியதும் ஹலீமிடம் போனாள். எஞ்சினை இறக்கிக் காயவைத்து மறுபடி ஏற்றினார்கள். தடித்த கம்பியைக் கழற்றிப் பழையதைப் பூட்டினாளாம். நான் கராஜுக்குப் போனேன். ஹலீம் வாசலிலேயே மறித்தார். "மிஸ், கோவிக்காதீங்க. அம்மாவ உள்ள விடவாணாமெண்டு மகள் சொல்லியிரிக்கா. எனக்கும் இனி ஒண்டும் ஒளிக்கேலாது." ஒரு கதிரை எடுத்துத் தந்தார். வெளியே, வீதி ஓரத்தில், வெயிலில் இருந்தேன். அது நியாயம்தான்.

ஓகஸ்ட் போட்டி முடிந்துவிட்டது. அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுக்கப்போகிறாள். எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னாள்.

நீங்கள் எழுதியது சரி, நானும் அதையே விரும்பினேன். சொன்னதால் பயம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. நீங்களும் இனி அங்கே தூங்கமாட்டீர்கள். அந்தப் பயத்தை ஹலீமுக்கோ அவளுக்கோ அனுப்பாதீர்கள். எனக்கு எழுதுங்கள். தொலைபேசியும் எடுக்கலாம். குரலை உயர்த்தினாலும் வைக்கமாட்டேன்.

இன்று காலை, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, படுவான்கரைக்குத் தனியே போயிருக்கிறாள். புறப்படும்போது பொனற்றைத் திறந்து முன் ஷொக் திருகுகளைத் தொட்டு ஏதோ செய்தாள். எந்தப் பக்கம் திருப்பினாள், எவ்வளவு திருப்பினாள் என்று கேற்றடியிலிருந்து பார்க்க முடியவில்லை. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

மங்கையற்கரசி