லென்ஸ் இல்லாத மூன்று வாரம்

அன்புள்ள விக்ரம்,

நானும் அப்பாவும் நலம். நீ நலம் என்று குடும்பக் குழுவில் நீயே அறிவித்துவிட்டதால் கேட்க வேண்டியதில்லை. நான் நம்பவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். போன வருடம் இங்கே அளந்தபோது கருவிழியின் வளைவு ஐம்பத்து நான்கு, இப்போது டப்ளினில் ஐம்பத்திரண்டரை, கருவிழி கூம்பாகப் புடைத்திருந்தது இறங்கிவிட்டது, இனி கூம்பு ஏறாமல் நிறுத்தும் அந்த ஒளிச் சிகிச்சை வேண்டாம் என்று அதற்குக் குறித்த தேதியையும் ரத்து செய்துவிட்டேன் என்று நீ போட்டதைப் பார்த்து அப்பா பூந்தமல்லி போய் மைசூர்பாகு வாங்கிவந்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தார். நான் மட்டும் உன்னைக் கூப்பிட்டு லென்ஸை எப்போது கழற்றினாய் என்று கேட்டேன். மெஷின் முன்னால் உட்காரும்வரை போட்டிருந்தேன் என்றாய், ஏதோ சாமர்த்தியம் போல.

தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சோதிக்கிற பிரிவில் உன் வயதுக்குக் குறையாத வருடங்கள் வேலை பார்த்தவளிடம் இதைச் சொல்கிறாய். இறுக்கமான வாட்ச்சைக் கழற்றிய கையோடு மணிக்கட்டை அளந்துவிட்டு இளைத்துவிட்டேன் என்பாயா? கெட்டியான லென்ஸ் கருவிழியை அமுக்கித்தான் வைத்திருக்கும். முகப்பேர் டாக்டரிடம் போய்க் கேட்டேன். மூன்று வாரமாவது கழற்றி வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், இவ்வளவு ஏறிய கூம்பில் ஒரே மெஷின் ஒரே நாளில் இரண்டு முறை அளந்தாலே ஒன்றரை ஆடும், இரண்டு ஊர் மெஷின்களை ஒப்பிடவே கூடாது என்றார். ஆக உன் கண் தேறுகிறதா கெடுகிறதா என்று இப்போது யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் இனிப்பு. இதை அப்பாவிடம் எல்லோர் எதிரிலும் சொன்னேன். அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவர்தான், ஒரு வாரமாகப் பேச்சில்லை. எதிர்வீட்டு ரேணுகா, "இன்னாக்கா, பெத்த புள்ளைக்கு கண்ணு நல்லாச்சின்னா கூட ரசீது கேப்ப போல கீதே" என்றாள். கேட்பேன் என்றேன். கருவிழி ஓர் அளவுக்கு மேல் மெலிந்துவிட்டால் அந்த ஒளிச் சிகிச்சையும் செய்ய மாட்டார்கள், பிறகு யாரோ செத்து அவர் கண் உனக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது ரேணுகாவா வருவாள்?

லென்ஸ் இல்லாமல் பஸ் நம்பர் தெரியாது, ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், "குருடன் மாதிரி இருக்கச் சொல்றியாம்மா" என்று கேட்டாய். ஆமாம், மூன்று வாரம் என்றேன். போனை வைத்துவிட்டாய். அதனால் உன்னிடம் பேசுவதை விட்டு உன் அறைத்தோழன் நிர்மலிடம் பேசினேன். வானகரத்துப் பையன். "ஆன்ட்டி, அவன் என்னை வெட்டிடுவான்" என்றான். இப்போது மூன்று வாரம் கையைப் பிடித்து நடத்துகிறாயா, இல்லை காலம் முழுக்கவா என்றதும் ஒத்துக்கொண்டான். இன்று காலை நீ தேடிய லென்ஸ் டப்பா அவன் ஆபீஸ் மேசைக்குள் இருக்கிறது. மாற்று ஜோடியும்தான். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில், ஒரே உட்காரலில் மூன்று முறை அளக்கச் சொல். அதுதான் உன் முதல் அளவு, முன்னால் உள்ளதெல்லாம் குப்பை. ரத்து செய்த தேதியை இன்றே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள். ஆபீஸில் நீயே சொல், இல்லையென்றால் நான் சொல்வேன்.

எழுத்து ஒவ்வொன்றும் உனக்கு மூன்றாகத் தெரியும் என்பதால் இதைப் படமெடுத்து நிர்மல் போனுக்கே அனுப்புகிறேன். இப்போது அவன்தான் வாசித்துக்கொண்டிருக்கிறான். நிர்மல், இரக்கப்பட்டு எந்த வரியையும் விட்டுவிடாதே. விக்ரம், அவன்மேல் கை ஓங்காதே, ரோட்டைக் கடக்க உனக்கு அந்தக் கைதான் இருக்கிறது.

உன் கண் கடைசிவரை உன்னுடையதாகவே இருக்கட்டும். அழுகை வந்தால் துணியால் ஒற்றி எடு, கசக்காதே.

இப்படிக்கு,
நீ திட்டினாலும் மாறாத உன் அம்மா
வசந்தகுமாரி
ஆவடி